இன்னும் யாரு வரணும்?

"உங்க கஸ்டமர் யாரும்மா?"

பயிற்சியாளர் கேட்டதும் அந்த அக்கா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாருந்தான் சார்" என்றார்.

"எல்லாரும்னு பொதுவா சொல்லக்கூடாதும்மா. குறிப்பா சொல்லணும். எந்த வயசு, எவ்வளவு வருமானம், ஆண்களா, பெண்களா..."

"அப்பிடிலாம் பிரிக்க முடியாதுங்க சார். எல்லாரும் ஒரு நாளு வந்துதான் ஆவணும்."

"அப்படி என்ன தொழில் பண்றீங்க?"

"ஐஸ் பொட்டி வாடகைக்கு வுடறேன். சாவு வூட்டுக்கு."

வகுப்பு சிரித்தது. பிறகு, சிரித்ததற்காகப் பயந்தது. பக்கத்தில் இருந்த அழகு நிலையத்துப் பெண் தன் நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திக்கொண்டார். பயிற்சியாளர் பாவம், கையிலிருந்த தாளில் அடுத்து என்ன இருந்ததோ அதையே கேட்டுவைத்தார். "சரி, ஒரு தடவை வந்த கஸ்டமர் மறுபடியும் உங்ககிட்டயே வர்றதுக்கு என்ன செய்வீங்க?"

"வரக்கூடாதுன்னு வேண்டிக்குவேன் சார்."

கள்ளக்குறிச்சியில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நடந்த இலவச வகுப்பு அது. நான் பொறியியல் படித்துவிட்டு, மரவள்ளிச் சிப்ஸ் போட்டு ஊரையே மாற்றிவிடலாம் என்று கிளம்பியிருந்தேன். தேநீர் இடைவேளையில், அழகு நிலையத்துப் பெண் காலி செய்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். தேநீர் ஆறுவதற்குள் அக்காவுக்குப் பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, இணையத்தில் விளம்பரம் என்று எல்லாத் திட்டத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"கார்ட யாருகிட்ட தம்பி குடுக்கறது? கல்யாணத்துல நாலு பேரப் பாத்தா, 'வச்சிக்கோங்க, ஒதவும்'னு நீட்ட முடியுமா?"

சிப்ஸ் விற்பதில் உள்ள கஷ்டமெல்லாம் அன்றைக்கே பாதி குறைந்த மாதிரி இருந்தது.

அவர் கடன் வாங்கப் போன கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பேங்க் மேனேஜரு நல்ல மனுசன் தம்பி. எல்லா பேப்பரும் பாத்தாரு, எல்லாம் சரின்னாரு. கடைசியா, 'நீங்க கட்டலன்னா நாங்க பொட்டிய எடுத்துகினு வரணுமேம்மா, அத எங்க வெக்கறது?'ன்னாரு. 'உங்க ரூம்புலயே வச்சிக்கோங்க சார், ஏசி மிச்சம்'னேன். எந்திரிச்சிப் போயே பூட்டாரு." கடைசியில் மகளிர் குழுக் கடனில்தான் பெட்டியும், அதை ஏற்றிப்போக ஒரு பழைய குட்டி யானை வண்டியும் வாங்கினார். குழுப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு, வண்டியை மட்டும் எங்கள் தெருவில் நிறுத்தாதே என்றும் சொல்லிவிட்டார்கள்.

நிறுத்த இடம் கிடைப்பதுதான் அந்தத் தொழிலில் பெரிய பாடு. பெட்டி வேண்டாதவர்கள் ஊரில் யாருமில்லை. பெட்டி பக்கத்தில் நிற்பதைப் பொறுத்துக்கொள்கிறவர்களும் யாருமில்லை. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தினால் பூக்கடைக்காரர் சண்டைக்கு வருவார். மரக்கடை ஓரமாக நிறுத்தினால், "காலையில மொத வியாபாரம்க்கா, கொஞ்சம் தள்ளிப் போ" என்பார்கள். ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர் எதிரே வந்து, வண்டியில் வெறும் பெட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு அக்காவைத் திட்டிக்கொண்டே போனாராம். "பொணத்தோட போனா நல்ல சகுனமாம், வெறும் பொட்டியோட போனா கெட்ட சகுனமாம். அதுக்கோசரம் நான் எப்பவும் லோடோடவே சுத்த முடியுமா, நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

சாவு வீட்டில் மட்டும் அவர் வேறு ஆள். மற்ற பெட்டிக்காரர்கள் உள்ளே வந்ததும், "எத்தன நாளைக்கு?" என்றுதான் கேட்பார்கள். தொழில் அப்படி. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை. அக்கா அதைக் கேட்க மாட்டார். பெட்டியை இறக்கி, பிளக்கைச் செருகி, மூடியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அழுகிறவர்களில் நிதானமாக இருக்கும் ஒருவரைப் பார்த்துக் கேட்பார்.

"இன்னும் யாரு வரணும்?"

வர வேண்டியவர் வந்து முகம் பார்த்த பிறகுதான் பெட்டியை எடுப்பார். அதற்கு முன்னால் யார் சொன்னாலும் எடுக்க மாட்டார். அடுத்த வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி, இந்த வீட்டுக்காரர்களே போதும் என்றாலும் சரி.

அவர் அப்படி ஆனதற்கான காரணத்தை மலைச்சாலையில்தான் சொன்னார். மரவள்ளிக் கிழங்கு விலை பேச நான் வெள்ளிமலைக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவும் அன்று பெட்டியோடு மலையேறினார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வண்டி வளைவுகளில் திணறிக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா மலைமேல் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தவராம். அவர் இறந்தபோது அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்திருக்கிறார். கீழேயிருந்து பெட்டி கொண்டுவர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மலை வளைவு, மழை வேறு. சாயங்காலமே புதைத்துவிட்டார்கள்.

"நான் காத்தால வந்து சேந்தேன். மண்ணு ஈரமா இருந்துச்சி. அவ்ளோதான் பாத்தேன்." வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். பிறகு, "போட்டோ அனுப்பி வெச்சிருந்தாங்க. போன்ல பாக்கறதுலாம் பாக்கறதே இல்ல தம்பி" என்றார்.

எனக்கு மனம் கனத்துப்போனாலும் வாய் சும்மா இருக்காது. திரும்பும்போது வண்டி சும்மாதானே வருகிறது, என் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொள்ளலாமே, உங்களுக்கும் டீசல் செலவு மிச்சமாகுமே என்றேன்.

"ஏத்தலாமே. ஐஸ் பொட்டி வண்டியில வந்த கெழங்குன்னு பாக்கெட்டுல போடுவியா?"

மலை இறங்கும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்துக்கொண்டு வந்தோம்.

நைனார்பாளையத்தில் ஒரு பெரியவர் இறந்த வீட்டுக்கு நானும் அவரோடு போயிருந்தேன். அக்கா வழக்கம்போலக் கேட்டார். மூத்த மகன், "எல்லாரும் வந்தாச்சிங்க, மத்தியானமே எடுத்துடறோம்" என்றார். அக்கா நகரவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவியைப் பார்த்து மறுபடியும் கேட்டார். அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சின்னவன்" என்றார்.

"அவன் பேச்ச எடுக்காத. காணி தகராறுல அப்பன் மேலயே கேஸு போட்டவன் அவன்" என்று மூத்தவர் கத்தினார்.

அக்கா வெளியே வந்து, யாரிடமோ எண் வாங்கி, வேப்பமரத்தடியில் நின்று போன் செய்தார். "தம்பி, நான் ஐஸ் பொட்டிக்காரி பேசறேன். உங்கப்பா வூட்லதான் கீறாரு. நீங்க வர வரைக்கும் எடுக்க வுடமாட்டேன். கெளம்பி வாங்க."

வீட்டில் பெரிய ரகளை. "வாடகை ஜாஸ்தி வாங்கறதுக்கு வழி பண்றா" என்று ஒருவர் சொன்னார். அக்கா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு பெரிய இடத்துச் சாவுக்கு அழைப்பு வந்தது. நான் காதோடு சொன்னேன்: "அக்கா, அது பெரிய பார்ட்டி. அங்க ஒரு தடவை போனா அந்த ஏரியா முழுக்க உங்க பேரு பரவிடும்." அவர் போனை என் கையில் கொடுத்து, "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லு" என்றார். போட்டிக்காரர் போனார். அதற்குப் பிறகு உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து அக்காவுக்கு அழைப்பே வரவில்லை.

சின்னவர் மறுநாள் வந்தார். வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "யப்பா, சில்லுனு இருக்குதேப்பா" என்று அழுதார். மூத்தவர் கொஞ்ச நேரம் தூரத்திலேயே நின்றார். பிறகு வந்து தம்பியின் முதுகில் கை வைத்தார். அக்கா எதையும் பார்க்காதவர் மாதிரி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லாமல்தான் கிளம்புவார்கள். அக்கா மட்டும், "இனிமே எங்கிட்ட உங்களுக்கு வேலையே வேணாம்" என்பார். அதைவிட நல்ல வாழ்த்தை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை.

தொழில் வளர்ந்தது. தவழ்ந்துதான் வளர்ந்தது, ஆனாலும் வளர்ந்தது. இரண்டாவது பெட்டி வாங்கினார். அதை மலைமேலேயே வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மலைக்காரப் பிள்ளைகள் கேரளத்துத் தோட்டங்களிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் வருவதற்கு நேரம் வேண்டும். ஆனால் மலையிலும் யாரும் இடம் தரவில்லை. கடைசியில், அவருடைய அம்மாவோடு அதே விடுதியில் சமைத்த ஒரு அம்மாள்தான் விடுதிக்காரர்களிடம் மன்றாடி, பின்னாலிருந்த விறகுக் கொட்டகையைத் திறந்துவிட்டார். "உங்கம்மா படுத்த பாயி இன்னும் எங்கிட்டதாண்டி கீது. பொட்டிக்கு எடம் குடுக்கமாட்டனா?" என்றாராம். அம்மாவுக்குக் கடைசியாக வாயில் தண்ணீர் ஊற்றியதும் அந்தக் கைதான்.

அக்காவுக்கு ஒரே மகள். கணவர் எப்போதோ போய்விட்டார். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளியில் அவளைப் பொட்டிக்காரி மகள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையேறியபோதும், பிறந்த நாளுக்குக் கேக் வெட்டியபோதும் போன் அடித்து அம்மா எழுந்து போயிருக்கிறார். யாருடைய பிள்ளையோ வரும்வரை அங்கே உட்கார்ந்திருப்பார். இங்கே இந்தப் பிள்ளை காத்திருந்து தூங்கிப்போகும்.

சின்னசேலம் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. அக்கா குடும்பத்தைப் போலவே மாதா கோயில்காரர்கள், நல்ல குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்தோடு அம்மா பெட்டித் தொழிலை விட்டுவிட வேண்டும். அக்கா உடனே சரி என்றுவிட்டார். கீழே இருந்த பெட்டியை விற்றார். மலைப் பெட்டிக்கும் ஆள் பார்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அதுதான். மகள் கேட்டது வேறு. நான் பத்திரிகை அச்சடித்துக்கொண்டு போய்க் கொடுத்தபோதுதான் கேட்டாள்.

"எம்மா, என் கல்யாணத்தன்னிக்கி ஒரே ஒரு நாளு போன ஆஃப் பண்ணி வெச்சிடுமா."

"பண்ணிடறேன்டி."

"சத்தியமா?"

"இன்னாடி இது, சத்தியமாதான்."

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில், அந்த விடுதி அம்மாள் இறந்துவிட்டார்.

பெட்டி மலையிலேயே இருந்தது. ஆனால் அங்கே மின்சாரம் வரும், போகும். ஜெனரேட்டரோ அக்கா கை படாமல் ஓடாது. அந்த அம்மாளின் மகன் கேரளத்தில் ஏலத்தோட்டத்தில் இருந்தான். அக்கா பந்தக்காலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள அவன் வந்துடுவான்டி. வந்ததும் எறங்கிடறேன்." கல்யாணத்துக்கு எடுத்திருந்த அரக்குப் பட்டுப் புடவையை ஒரு துணிப்பையில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும் தம்பி. லேட்டானாலும் நேரா கோயிலுக்கே வந்துடுவேன். எனக்கோசரம் கொஞ்சம் நிக்கமாட்டாங்களா?"

மகள் மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேரளத்திலிருந்து வந்த பேருந்து வழியில் எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது. மறுநாள் காலையில் கோயிலில் பாடற்குழு தயாராக நின்றது. நான் அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மலையில் சிக்னல் இல்லை. சாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு பூசை இருந்தது. பீடத்துக்கு முன்னால் வந்து நின்று பொதுவாகக் கேட்டார்.

"ஆரம்பிக்கலாமா? இன்னும் யாராவது வரணுமா?"

"அக்கா வரணும் ஃபாதர்" என்று நான் பின்வரிசையிலிருந்து கத்திவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. பெண்ணின் தாய்மாமன் என்னை முறைத்தார். சாமியார் மணப்பெண்ணைப் பார்த்தார்.

அவள் தலை நிமிரவில்லை. வெள்ளை வலைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "யாரும் வர வேணாம் ஃபாதர். ஆரம்பிங்க."

அக்கா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. வண்டியைக் கோயில் வளாகத்துக்குள் விடாமல் சாலையோரம் நிறுத்தியிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அரக்குப் பட்டைக் கட்டியிருந்தார். கரையில் ஜெனரேட்டர் எண்ணெய் கையளவு அப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டான் தம்பி அந்தப் பையன். மூஞ்சியப் பாத்துட்டான். அவங்கம்மா கால புடிச்சிகினு வுடவே இல்ல." மூச்சு வாங்கியது. "தாலி கட்டியாச்சா?"

"ஆச்சுக்கா."

பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்தேன். விலக்கிக்கொண்டார். "குளிக்கல தம்பி. சாவு வூட்லருந்து நேரா வரேன். நல்ல காரியத்துல எப்பிடி உள்ள வரது? நீ போய்ச் சொல்லு. இந்தக் கேட்டாண்ட ஒரு நிமிசம் வந்து நிக்கச் சொல்லு. தூரமா நின்னு மூஞ்சிய மட்டும் பாத்துக்கறேன்."

நான் போய்ச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா, விழாத மாதிரி இருந்தாளா, தெரியவில்லை. பூ சுற்றிய கார் பக்கத்து வாசல் வழியாகப் போனது. கண்ணாடி ஏற்றியிருந்தது. அக்கா சாலையில் ரெண்டு எட்டு ஓடி, நின்றுவிட்டார்.

நான் என் போனில் எடுத்த படங்களைக் காட்டப்போனேன். திரையைப் பார்க்காமலே என் கையைத் தள்ளிவிட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார். "ஆரம்பிக்கறதுக்கு முன்ன, யாரு வரணும்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா."

"அவ இன்னா சொன்னா?"

எதையும் பட்டென்று சொல்லிவிடுகிற என் வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போய்ச் சாப்புடு, பந்தி முடிஞ்சிடப் போவுது" என்று வண்டியை எடுத்தார்.

அந்த வாரமே மலைப் பெட்டியும் போனது, வண்டியும் போனது. ஒரு நாள் வீடும் பூட்டியிருந்தது. பழையபடி திருப்பூருக்குப் போய்விட்டதாகத் தாய்மாமன் சொன்னார். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. 'நான் கண்ணுல படாம இருந்தாத்தான் அவளப் பொட்டிக்காரி மகள்னு சொல்ல மாட்டாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். நான் திருப்பூரில் சிப்ஸ் கடைகளுக்குச் சரக்குப் போடப் போகும்போதெல்லாம், வேலை விடுகிற நேரத்தில் கம்பெனி வாசல்களில் நின்று பார்க்கிறேன். பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். அக்கா இல்லை.

போன வாரம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மகள்தான். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அண்ணா, அம்மா நம்பர் எதுனா உங்ககிட்ட கீதா?"

"பழசுதாம்மா கீது. அது ஆஃப்லயே இருக்குது."

"நானும் டெய்லி போட்டுகினுதான் கீறேன்." குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "பாப்பாவுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலண்ணா. இவங்க வூட்ல ஏசறாங்க. ஃபாதரும் கேட்டுகினே இருக்காரு, எப்ப வெச்சிக்கலாம்னு."

"நீ இன்னாம்மா சொன்ன?"

"ஒருத்தங்க வரணும்னு சொன்னேன்."